கோட்டைகளை வென்றவர் குப்பியிடம் தோற்றார்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்வோர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர் என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிவதைக் கண்டிருப்பர். ஏரிகளும் வயல்களும் பனைகளும் நிறைந்திருந்த இந்நிலம் இன்று கல்லூரிகளும் குடியிருப்புகளுமாக மாறிவிட்டது. ஆயினும், இவ்வழித்தடத்திற்கு நோயோடும் மருந்தோடும் உள்ள உறவு பழையது. வடமுனையில், காசநோயாளர்க்கென 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியம். அதன் பெயரையே அங்குள்ள இரயில் நிலையமும் தாங்கி நிற்கிறது. தென்முனையில், 1965-இல் தோன்றிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி; அதற்கு அருகே திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். இடையே காட்டாங்குளத்தூரில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும், அவற்றை அண்டி வரிசையாக மருந்துக் கடைகளும்.

மாலை நேரத்தில் அக்கடைகளின் முன் நிற்கும் மனிதர்களைப் பார்க்கிறோம். மடித்து மடித்து நைந்துபோன மருந்துச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுபவர் ஒருவர். சீட்டே இல்லாமல், தீர்ந்துபோன மாத்திரை அட்டையை மட்டும் காட்டுபவர் மற்றொருவர். முதுகுவலியோ மூட்டுவலியோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீங்காத வலியோ, ஏதோ ஒன்று அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கிறது. வலி போக்கும் மருந்து இறைவன் தந்த நன்கொடைகளுள் ஒன்று. ஆனால், அம்மருந்தே ஒரு மனிதரை மெல்ல மெல்ல ஆட்கொண்டுவிடவும் கூடும். இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இதே செங்கற்பட்டுச் சீமையில் படை நடத்திய ஒருவரின் வாழ்வே போதும்.

கோவளமும் செங்கற்பட்டும்

1744-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்திறங்கினார். அவர் பெயர் இராபர்ட் கிளைவ். கணக்கு எழுதும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர் நினைவும் தனிமையும் அவரை வாட்டின. இடையிடையே மனச்சோர்வு அவரைக் கவ்வியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, மாறுவேடத்தில் தப்பிக் கடலூர்ப் புனித டேவிட் கோட்டையை அடைந்தார். அதன்பின் எழுதுகோலை விட்டு வாளை எடுத்தார். 1751-இல் சிறு படையொன்றுடன் ஆர்க்காட்டைக் கைப்பற்றி, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதால் அவர் பெயர் கடல் கடந்தும் ஒலித்தது.

அடுத்த ஆண்டில், அதாவது 1752-இல், கம்பெனி அவரைக் கோவளத்தின் மீதும் செங்கற்பட்டின் மீதும் ஏவியது. இரண்டு கோட்டைகளும் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. கிளைவின் கீழ் அனுப்பப்பட்டவர்களோ, இங்கிலாந்திலிருந்து புதிதாய் வந்திறங்கிய இருநூறு பேரும், புதிதாய்ச் சேர்க்கப்பட்ட ஐந்நூறு சிப்பாய்களும். அவர்களுள் எவரும் போர்க்களம் கண்டதில்லை. கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவரை வீழ்த்தியதும் மற்றவர் அனைவரும் புறங்காட்டி ஓடினர் என்றும், பீரங்கியோசைக்கு அஞ்சிய காவலர் ஒருவர் பிறகு ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அத்தகையோரைத் தாமே முன்னின்று வழிநடத்தி, குண்டுமழையில் தம்மையே நிறுத்திக்காட்டி, கிளைவ் வீரர்களாக்கினார். கோவளம் பணிந்தது. அதைக் காக்கச் செங்கற்பட்டிலிருந்து விரைந்து வந்த படையை மறைந்திருந்து தாக்கி முறியடித்தார். பிறகு, விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்ததும் ஏரியும் அகழியும் அரண் செய்ததுமான செங்கற்பட்டுக் கோட்டையும் அவர் கைக்கு வந்தது.

வெற்றியோடு சென்னை திரும்பியவருக்கு உடல்நலம் இல்லை. இங்கு மேலும் தங்கினால் உயிருக்கே ஆபத்து என்னும் நிலை. 1753 பிப்ரவரியில் மார்கரெட் மாஸ்கெலின் என்னும் பெண்ணைச் சென்னையில் மணந்துகொண்டு, அடுத்த மாதமே இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். செங்கற்பட்டுச் சீமையிலிருந்து அவர் கொண்டுசென்றது வெற்றிப் புகழ் மட்டுமன்று. தீராத வயிற்றுவலியும், உடலின் உள்ளே தங்கிவிட்ட நோயும் கூடவே சென்றன.

வலியும் மருந்தும்

கிளைவைத் துன்புறுத்திய நோய் யாது? விட்டுவிட்டு வந்து உயிரையே வாங்கிய வயிற்றுவலிக்குப் பித்தப்பைக் கற்களே காரணமாக இருந்திருக்கலாம் எனப் பிற்காலத்தார் கருதினர். அக்கால மருத்துவரிடம் அதற்கு அறுவைச் சிகிச்சை இல்லை. மயக்க மருந்தும் இல்லை. அவர்கள் கையிலிருந்த வலிமிக்க மருந்து ஒன்றே. அதுதான் அபின்.

நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவை நாம் அறிவோம். அச்செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபினாகிறது. விதையில் இல்லாத வீரியம் அப்பாலில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர், அபினைத் திராட்சை மதுவில் கரைத்து, குங்குமப்பூ, இலவங்கம், இலவங்கப்பட்டை சேர்த்து ஒரு குப்பி மருந்தாக்கினார். லாடனம் எனப்பட்ட அம்மருந்து ஐரோப்பிய வீடுகள்தோறும் அலமாரியில் இடம்பிடித்தது. இருமலுக்கும் அதுவே, வயிற்றுப்போக்குக்கும் அதுவே, தூக்கமின்மைக்கும் அதுவே. அதைக் குடிப்பது குற்றமும் அன்று, வெட்கப்படத்தக்கதும் அன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்தார், மருந்துக்காரர் அளந்து கொடுத்தார், நோயாளி பருகினார். அவ்வளவே.

இதன் வேலை எப்படி என்பதை அறிவியல் நம் காலத்திலேயே கண்டுபிடித்தது. 1973-இல், அபின் வகை மருந்துகள் சென்று பற்றிக்கொள்ளும் இடங்கள் மூளையில் உள்ளன என்று ஆய்வாளர் நிறுவினர். பூட்டும் சாவியும் போன்ற அமைப்பு அது. பூட்டு இருக்கிறதென்றால் அதற்கென உடலே செய்த சாவி ஒன்று இருக்க வேண்டுமன்றோ? 1975-இல் அதுவும் கண்டறியப்பட்டது. வலியைத் தணிக்கும் பொருள்களை நம் உடலே சிறிதளவு சுரக்கிறது. வெளியிலிருந்து அபின் பெருமளவில் நாள்தோறும் வரும்போது, உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது. நேற்றுப் போதுமானதாய் இருந்த அளவு இன்று போதுவதில்லை. மருந்தை நிறுத்தினாலோ வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, எலும்பெல்லாம் நோவு எனத் துன்பங்கள் படையெடுக்கின்றன. அவற்றைத் தணிக்க மீண்டும் மருந்து. வலிக்காகத் தொடங்கியவர், இப்போது மருந்தின்மை தரும் வலிக்காக மருந்து தேடுகிறார்.

கிளைவுக்கு நேர்ந்ததும் இதுவே. வலி கடுமையானபோதெல்லாம் அபினை நாடினார். 1757-இல் பிளாசிப் போர். 1762-இல் பிரபுப் பட்டம். 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமை. இவ்வாறு பதவியும் செல்வமும் ஏற ஏற, மறுபுறம் நோயும் மருந்தும் ஏறின. 1766-இன் இறுதியில் கல்கத்தாவில் படுக்கையில் விழுந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இந்தியாவை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்டார்.

புகழின் திரைக்குப் பின்னே

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிளைவை நாம் புகழ வரவில்லை. வங்காளத்தின் கருவூலத்தை வெறுமையாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். அவர் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த ஆட்சியில்தான், 1770-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். அப்பழி எந்த நோயாலும் நீங்கிவிடாது. ஆயினும், தம் நாட்டாரிடையே அவர் அன்று போற்றப்பட்ட பெருமகனார், பாராளுமன்ற உறுப்பினர், மன்னரும் மதித்தவர். அத்தகையவர் ஒரு மருந்துக் குப்பிக்கு அடிமையானபோது என்ன நிகழ்ந்தது என்பதே நம் வினா.

முதலில் நிகழ்ந்தது மௌனம். சிறப்புமிக்க மனிதரிடம் அவருடைய குறையைச் சொல்ல யாரும் துணிவதில்லை. மருத்துவரும் அவரிடம் ஊதியம் பெறுபவர். பணியாளரும் அவர் உப்பை உண்பவர். குடும்பத்தாரோ, வலியால் துடிப்பவரிடமிருந்து மருந்தைப் பறிக்க மனம் வராதவர்கள். எல்லாரும் அன்பினாலேயே வாய்மூடி நிற்கின்றனர். அந்த அன்பே அவரைத் தனிமைச் சிறையில் பூட்டிவிடுகிறது.

அடுத்து வந்தது புயல். 1772-இலும் 1773-இலும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் அவர் சேர்த்த செல்வத்தைப் பற்றி விசாரணை செய்தது. தாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டதை எண்ணித் தமக்கே வியப்பாக இருக்கிறது என்று அவர் அவையில் வாதாடினார். 1773 மேத் திங்களில், அவர் நாட்டுக்குப் பெருந்தொண்டாற்றினார் என்று அவையும் தீர்மானித்தது. பட்டம் பறிபோகவில்லை, சொத்தும் பறிபோகவில்லை. ஆனால், உள்ளம் ஏற்கெனவே உடைந்திருந்தது. வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு, அபின் என நான்கும் ஒன்றையொன்று வளர்த்தன.

1774 நவம்பர் 22-ஆம் நாள், இலண்டன் பெர்க்லி சதுக்கத்திலிருந்த தம் இல்லத்தில் இராபர்ட் கிளைவ் இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அவர் தம் கையாலேயே முடிவு தேடினார் என்பர் பலர். அபின் மிகுந்ததால் என்பர் சிலர். முறையான பிணவிசாரணை நடைபெறவில்லை. பிறந்த ஊருக்கருகே மோர்ட்டன் சே என்னும் சிற்றூரின் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆர்க்காட்டையும் கோவளத்தையும் செங்கற்பட்டையும் வென்றவருக்கு, இன்ன இடத்தில் கிடக்கிறார் என்று காட்ட அன்று ஒரு கல்வெட்டும் பொறிக்கப்படவில்லை. மௌனம் அவர் கல்லறைவரை தொடர்ந்தது.

கசகசாப் பூவின் பயணம்

கதை அவரோடு முடியவில்லை. கிளைவ் வென்றெடுத்த வங்காளத்திலும் பீகாரிலும் கசகசா விளைந்தது. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் வாணிபத்தைக் கம்பெனியின் தனியுரிமையாக்கினார். பாட்னாவிலும் காசிப்பூரிலும் உருண்டைகளாக உருட்டப்பட்ட அபின், கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, தனியார் கப்பல்களில் சீன நாட்டுக்குச் சென்றது. கிளைவைத் தளையிட்ட அதே சரக்கு, அவர் நிறுவிய ஆட்சிக்கு வருவாயாயிற்று. சீன அரசு தடுத்தது. அபினைப் பறிமுதல் செய்து அழித்தது. அதன் விளைவாக 1839 முதல் 1842 வரையிலும், மீண்டும் 1856 முதல் 1860 வரையிலும் போர்கள் மூண்டன. தோற்ற சீனாவின் மேல் உடன்படிக்கைகள் சுமத்தப்பட்டன. அபின் இறக்குமதிக்கு வாசல் திறந்தது. நாம் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு: கிறிஸ்தவ மறைபரப்பாளர்க்கு உள்நாட்டில் செல்லும் உரிமை வந்ததும் அவ்வுடன்படிக்கைகளின் வழியேதான். சீன மக்கள் இரண்டையும் ஒரே கப்பலில் வந்தவையாகக் கண்டதில் வியப்பில்லை.

அந்நாட்டில், வடபகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், நம் கட்டுரையின் இரண்டாவது மனிதர் வாழ்ந்தார்.

முப்பது ஆண்டுகள் வாசற்படியில்

மாற்கு ஜி தியான்சியாங் 1834-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவர், ஏழைகளிடம் பணம் பெறாமல் மருந்து கொடுத்தவர், ஊரார் மதித்த பெரியவர், பங்கின் தூண்களுள் ஒருவர். ஒருமுறை அவருக்குக் கடுமையான வயிற்றுநோய் கண்டது. அக்கால வழக்கப்படி வலிக்கு அபினை மருந்தாக உட்கொண்டார். நோய் நீங்கியது, அபின் நீங்கவில்லை.

அவர் ஒப்புரவு அருளடையாளத்தை நாடினார். அறிக்கையிட்டார், மீண்டும் விழுந்தார். மீண்டும் வந்தார், மீண்டும் விழுந்தார். அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவருக்குத் திருந்தும் உறுதி உண்மையில் இல்லை என்று முடிவு செய்த குரு, அபினை விடும்வரை பாவமன்னிப்பு இல்லை என்று கூறிவிட்டார். அடிமைநிலை ஒரு நோய் என்பதை அன்று மருத்துவ உலகமே சரிவர அறிந்திருக்கவில்லை. அக்குருவை நாம் இன்று எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது. விளைவோ கொடியது. மாற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நற்கருணை இன்றி வாழ்ந்தார்.

முப்பது ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கிறிஸ்து பிறப்புத் திருவிழாக்கள் முப்பது. உயிர்ப்புப் பெருவிழாக்கள் முப்பது. ஊர் முழுவதும் எழுந்து நற்கருணை வாங்கச் செல்ல, ஊருக்கே மருத்துவரான அவர் மட்டும் தம் இடத்திலேயே முழந்தாளிட்டு இருந்திருப்பார். மருந்து கொடுத்த கைகளைப் பார்த்து மக்கள் என்ன பேசியிருப்பர்? கிளைவைச் சூழ்ந்தது மௌனம் என்றால், மாற்கைச் சூழ்ந்தது இகழ்ச்சி. ஆயினும் அவர் ஆலயத்தை விட்டு அகலவில்லை. செபத்தைக் கைவிடவில்லை. அபினிலிருந்து விடுபட முடியாத தமக்கு, மறைசாட்சியாய் இறப்பது ஒன்றே விண்ணகம் செல்ல வழி என்று எண்ணி அதற்காக வேண்டினார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி.

1900-ஆம் ஆண்டு, அயலாரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து எழுந்த பாக்சர் கலகம் அவ்வூரையும் எட்டியது. ஜூலை மாதத்தில் மாற்கும், அவருடைய மகனும் மருமகளிரும் பேரப்பிள்ளைகளும் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுதலித்திருந்தால் உயிர் பிழைத்திருக்கலாம். அவரோ கொலைஞரிடம் ஒன்றையே கேட்டார்: தம்மைக் கடைசியாகக் கொல்ல வேண்டும், தம் பிள்ளைகளுள் எவரும் தனியே சாகக் கூடாது. ஒவ்வொருவர் அருகிலும் நின்று, தேவதாயின் பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே அவரும் தலைகொடுத்தார். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை அருளாளராகவும், 2000 அக்டோபர் முதல் நாளன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், சீன மறைசாட்சிகள் 120 பேருள் ஒருவராகப் புனிதராகவும் உயர்த்தினர்.

முப்பது ஆண்டுகள் நற்கருணைப் பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் இன்று பீடத்தின் மேல் வைத்துப் போற்றப்படுகிறார். அவர் அபினை விட்டு விடுதலையானதாகச் சான்று எதுவும் இல்லை. திருஅவை அவரது வெற்றியைப் பார்த்துப் புனிதர் நிலை அளிக்கவில்லை. விழுந்த இடத்திலிருந்து நாள்தோறும் எழுந்து வந்த அவரது பற்றுறுதியைப் பார்த்து அளித்தது.

நம் வீட்டு அலமாரியில்

பதினெட்டாம் நூற்றாண்டின் குப்பி இன்று வேறு வடிவங்களில் வருகிறது. 1805-ஐ ஒட்டி ஜெர்மானிய மருந்தாளுநர் சேர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். பிறகு ஊசிக்குழல் வந்தது. கோடீன், பெத்திடின், பென்டசோசின், டிரமடால், டபென்டடால் எனப் பல மருந்துகள் பின்தொடர்ந்தன. மருத்துவம் அறிந்தோரும் இவற்றின் பிடியிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை உலகறியச் செய்த அறுவைச் சிகிச்சை வல்லுநர் வில்லியம் ஹால்ஸ்டெட் பல்லாண்டுகள் மார்பினுக்கு அடிமையாகவே வாழ்ந்தார். அவர் 1922-இல் இறந்தார். அந்த உண்மையோ 1969-இல்தான் உலகுக்குத் தெரிய வந்தது. அதே அமெரிக்காவில் 1996-க்குப் பின் வலிநிவாரணி மாத்திரைகள் அளவின்றி எழுதித் தரப்பட்டதால் எழுந்த பேரழிவை நாம் செய்திகளில் படித்து வருகிறோம்.

நம் பங்கிலும் இது நிகழக்கூடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவர். பங்குப் பேரவையில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. வழக்கென்றால் ஊரார் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவர். தண்டுவடத்தில் அறுவை செய்துகொண்டார். பத்து நாளுக்கு எழுதப்பட்ட மாத்திரை பத்து மாதமாகத் தொடர்கிறது. ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடை. தாம்பரத்தில் பாதி, கூடுவாஞ்சேரியில் பாதி. ஓய்வூதியம் குறைகிறது, சீட்டுப் பணத்தில் கை வைக்க நேர்கிறது, வாசகம் வாசிக்கையில் நா குழறுகிறது. வீட்டம்மாளுக்குத் தெரியும், சொல்ல மாட்டார். பிள்ளைகளுக்கும் தெரியும், அப்பாவை எப்படிக் கேட்பது என்று விலகிவிடுவர். ஒருநாள் உண்மை வெளிப்படும்போது, நேற்றுவரை கைகூப்பியவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பர். கிளைவுக்கு நேர்ந்த மௌனமும் மாற்குக்கு நேர்ந்த இகழ்ச்சியும் ஒரே மனிதர் தலையில் இறங்கும்.

சட்டம் சில வேலிகளை இட்டுள்ளது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உள்ளது. கோடீன், பென்டசோசின், டிரமடால் முதலிய மருந்துகளை விற்கும்போது, வாங்குபவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. 2018-இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஆயினும், வேலி எவ்வளவு உயரமானாலும் வீட்டுக்குள் வளரும் மௌனத்தை அது தடுக்காது.

மறுபுறம், வேலியின் உயரமே துன்பமாவதும் உண்டு. உலகுக்கு அபின் விளைத்துத் தந்த நம் நாட்டிலேயே, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால், புற்றுநோயால் துடித்தவர்க்கு மார்பின் எட்டாக்கனியாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. ஆதலால், வலிநிவாரணிகளை நஞ்சென்று ஒதுக்கிவிடுவதும் தவறு. வலியைத் தாங்குவதே பக்தி, மருந்து கேட்பது பலவீனம் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. கல்வாரியில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைப் பருக மறுத்ததைச் சிலர் சான்று காட்டுவர். அது அவர் தம் பாடுகளுக்காகத் தாமே தேர்ந்துகொண்ட வழி. பிறருடைய வலியைக் கண்டபோதெல்லாம் அவர் குணமளித்தார். நல்ல சமாரியர் காயத்தின்மேல் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார் என்று சொன்னவரும் அவரே. சீராக் நூலோ மருத்துவரையும் மருந்தையும் இறைவனின் படைப்பு என்றே போற்றுகிறது. கடும் வலியில் மார்பின் போன்ற மருந்துகளை முறைப்படி பயன்படுத்துவதில் தவறில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே மருத்துவர்க்குத் தெளிவுபடுத்தினார்.

நாம் செய்யக் கூடியது

அடிமைநிலை நோய் என்றால் அதற்குச் சிகிச்சையும் உண்டு. தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், அத்துயரையே தொண்டாக மாற்றி, 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அடிமைப்பட்டவரோடு அவர் குடும்பத்தாருக்கும் அங்கே சிகிச்சையில் இடமளிக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இன்று உதவி கிடைக்கிறது. 14446 என்னும் தேசிய உதவி எண்ணும் உள்ளது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். நீண்டநாள் உட்கொண்ட மருந்தை, வீட்டார் பறித்துக்கொண்டதாலோ வெட்கத்தாலோ, ஒரே நாளில் நிறுத்துவது பெருந்துன்பம் தரும். மருத்துவர் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. தேவையானால் மாற்று மருந்து கொடுத்தும் நிலைப்படுத்துவர்.

ஆன்மீக வழியிலும் நம் திருஅவை இன்று தெளிவாகப் பேசுகிறது. போதைப்பொருளின் தீங்கை வன்மையாகக் கண்டிக்கும் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூலே, பழக்கமும் உள்ளத்தின் தளைகளும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் கற்பிக்கிறது. மாற்கு ஜி தியான்சியாங் வாழ்ந்த நாளில் அத்தெளிவு இருந்திருந்தால், அவருடைய முப்பது ஆண்டுகள் வேறாக இருந்திருக்கும். இந்த அறிவு நம் கையில் இருந்தும் நாம் இகழ்ச்சியையே தேர்ந்துகொண்டால், அறியாமையைச் சாக்குச் சொல்ல நமக்கு வழியில்லை.

செங்கற்பட்டுக் கோட்டையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. கொளவாய் ஏரியை ஒட்டி இரயில் செல்லும்போது, அதனை வென்ற இளைஞரை நாம் எண்ணிக்கொள்ளலாம். கோட்டையை வெல்ல அவருக்கு எழுநூறு பேர் துணை நின்றனர். வலியை வெல்லவோ அவருக்குக் குப்பி ஒன்றைத் தவிர வேறு துணையில்லை. மாற்குக்கு அந்தத் துணையும் பகையானது; ஆனால், அவர் வாசற்படியிலேயே காத்திருந்தார். அந்த வாசலுக்கு உள்ளே இருந்தவர்கள் ஒருமுறை எழுந்து வந்து அவர் அருகே அமர்ந்திருந்தால் எத்துணை நலமாயிருந்திருக்கும்!

நம் ஆலயத்தின் கடைசி இருக்கையில், யாரோடும் பேசாமல், திருப்பலி முடியுமுன்னே எழுந்துபோகும் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். வரும் ஞாயிறன்று அவர் அருகே சென்று அமர்வோம். என்ன மருந்து என்று முதலில் கேட்க வேண்டாம். வலி எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்போம்.